பாட்டியின் பேச்சு அப்பாவின் டிவியில் எழுத்தாக வர வேண்டும்

கேள்வி: பாட்டியின் 80ஆவது பிறந்தநாளில் அவரைப் பேசவைத்து எடுத்த 2 மணி நேர வீடியோ எம்கேவி கோப்பாக இருக்கிறது. அப்பாவுக்குக் காது மந்தம் என்பதால் நானே தமிழில் சப்டைட்டில் தட்டச்சு செய்தேன். கணினியில் விஎல்சி பிளேயரில் எல்லாம் நன்றாக வருகிறது. ஆனால் கோப்பு 6 ஜிபி, பென்டிரைவில் ஏறவில்லை. ஹார்ட் டிஸ்க்கில் போட்டு டிவியில் செருகினால் படம் ஓடுகிறது, சத்தம் இல்லை, எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வருகிறது. தங்கையின் போனில் சப்டைட்டிலே வரவில்லை. எல்லாவற்றிலும் ஓட எந்த ஃபார்மட்டுக்கு மாற்றுவது?

பதில்: ஒரே கோப்பில் எல்லாரையும் திருப்திப்படுத்தப் பார்க்காதீர்கள். அப்பாவின் டிவிக்கு ஒன்று, மற்ற எல்லாருக்கும் ஒன்று என இரண்டு பிரதிகள் செய்யுங்கள். மூலக் கோப்பை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அழிக்காதீர்கள். படத்தை மறுபடி சுருக்கும் ஒவ்வொரு முறையும் அதன் தரம் கொஞ்சம் குறையும். பாட்டியின் முகத்தை மறுபடி எடுக்க முடியாது.

எம்கேவி, எம்பி4 இரண்டுமே டிபன் கேரியர் மாதிரி. படம், ஒலி, சப்டைட்டில் என்று உள்ளே தனித்தனி அடுக்குகள். விஎல்சியில் 'டூல்ஸ்' பட்டியலில் 'கோடெக் இன்ஃபர்மேஷன்' திறந்தால் எந்த அடுக்கில் என்ன இருக்கிறது என்று தெரியும். படத்தைச் சுருக்கியிருக்கும் முறை எச்.264 என்றால் அநேகமாக எல்லாக் கருவியிலும் ஓடும். எச்.265 என்றால் பழைய டிவிகள் திணறும். உங்களுக்குப் படம் வந்து சத்தம் மட்டும் வராததால் சிக்கல் ஒலி அடுக்கில்தான். அங்கே டிடிஎஸ் அல்லது ஏசி3 என்று இருக்கக்கூடும். இவை ஒலியைச் சுருக்கும் முறைகள். அதை ஏஏசி என்ற முறைக்கு ஆக்கினால் போதும்.

சப்டைட்டில் விஷயத்தில்தான் பலரும் தவறான இடத்தில் மருந்து போடுகிறார்கள். திரையில் என்ன தெரிகிறது என்று உற்றுப் பாருங்கள். கட்டங்கள் தெரிந்தால் டிவியில் தமிழ் எழுத்துரு இல்லை. புள்ளி, கோடு வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக வந்தால் குறியாக்கம் (எழுத்தை எண்களாகச் சேமிக்கும் முறை) பிசகியிருக்கிறது: யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட், அவற்றைத் தனித்தனி எழுத்தாகப் படித்துவிடுகிறது கருவி. சப்டைட்டில் கோப்பை நோட்பேடில் திறந்து, இது யூடிஎஃப்-8 என்று கருவிக்குச் சொல்லும் அடையாளத்தோடு, அதாவது 'யூடிஎஃப்-8 வித் பிஓஎம்' என்று தேர்ந்து சேமித்தால் பெரும்பாலும் இது சரியாகிவிடும். மூன்றாவது வகை, 'கொ'வில் கொம்பும் காலும் பிரிந்து நிற்பது. எழுத்துரு இருந்தும் உயிர்மெய்யைக் கோக்கத் தெரியாத மென்பொருள் அது. குறியாக்கம் பிசகியதை நீங்கள் சரிசெய்யலாம். மற்ற இரண்டும் டிவிக்குள் இருக்கும் குறை, எந்த ஃபார்மட்டுக்கு மாற்றினாலும் தீராது.

உங்களுக்கு வருவது கட்டங்கள். ஆகவே அப்பாவின் பிரதியில் எழுத்தைப் படத்தோடு சேர்த்துப் பதித்துவிடுவதே வழி. பதித்தபின் அது படத்தின் பகுதி. டிவிக்குத் தமிழ் தெரியவேண்டியதில்லை. பிறகு அணைக்கவோ பெரிதாக்கவோ முடியாது என்பதால் முதலிலேயே பெரிதாக வையுங்கள். ஏஜிசப் என்ற இலவச மென்பொருளில் உங்கள் எஸ்ஆர்டி கோப்பை (நீங்கள் தட்டச்சு செய்த சப்டைட்டில்) திறந்து, விண்டோஸில் உள்ள நிர்மலா யூஐ எழுத்துருவையும் அளவையும் அமைத்து, எழுத்துரு, அளவு விவரங்களையும் வைத்துக்கொள்ளும் ஏஎஸ்எஸ் வடிவில் சேமியுங்கள். ஹேண்ட்பிரேக்கில் (இதுவும் இலவசம்) வீடியோவைத் திறந்து, 'சப்டைட்டில்ஸ்' பகுதியில் அந்தக் கோப்பைச் சேர்த்து 'பர்ன் இன்' குறியிடுங்கள். எம்பி4, எச்.264, ஏஏசி என்று தேர்ந்தெடுங்கள்.

பென்டிரைவ் ஏற்காததற்குக் காரணம் பெரும்பாலும் ஃபேட்32 வடிவம், அதாவது பென்டிரைவ் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறை. 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை அது வாங்காது. எக்ஸ்ஃபேட் என்ற இன்னொரு முறைக்கு மாற்றலாம், ஆனால் சில டிவிகள் அதைப் படிப்பதில்லை. எப்படியும் படத்தை மாற்றப்போகிறோம், அதிலேயே அளவையும் குறைத்துவிடலாம். சராசரி பிட்ரேட்டை (ஒரு விநாடிப் படத்துக்கான தரவின் அளவு) 4000 கேபிபிஎஸ் என்று வைத்தால் 2 மணி நேரத்துக்குப் படம் சுமார் 3.6 ஜிபிதான் வரும். உட்கார்ந்து பேசும் காட்சிக்கு அது தாராளம்.

தங்கைக்கான பிரதியில் எதையும் பதிக்க வேண்டாம். படம் எச்.264 என்றால் அவிடெமக்ஸ் என்ற இலவச மென்பொருளில் வீடியோவை 'காப்பி', ஆடியோவை ஏஏசி, வடிவத்தை எம்பி4 என்று வைத்துச் சேமியுங்கள். படத்தைத் தொடாமல் டப்பாவை மட்டும் மாற்றுவதால் சில நிமிடங்களில் முடியும், தரமும் குறையாது. எஸ்ஆர்டி கோப்புக்கு வீடியோவின் பெயரையே வைத்து ஒரே ஃபோல்டரில் போட்டு, போனில் விஎல்சி வழியாகத் திறக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாதீர்கள், அது படத்தைச் சுருக்கிவிடும். கேபிள் வழியாக ஏற்றுங்கள்.

அப்பாவின் பிரதியை முழுதாக ஓடவிடுமுன் ஹேண்ட்பிரேக்கில் 'ரேஞ்ச்' பகுதியில் முதல் 60 விநாடியை மட்டும் மாற்றிப் பாருங்கள். அதை டிவியில் போட்டு, அப்பா வழக்கமாக உட்காரும் நாற்காலியில் அவரையே உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்து சிறிது என்றால் ஏஜிசப்பில் கூட்டிக்கொண்டு மறுபடி ஒரு நிமிடம். சரி என்று அவர் சொன்னபின் இரவு முழுக்க ஓடவிடுங்கள்.