என் வணக்கத்துக்குப் பதில் இல்லை

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 68. மன்னார்குடி வட்டாரப் பள்ளி ஒன்றில் 32 ஆண்டுகள் பணியாற்றி, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன். மனைவி காலமான பிறகு, ஒன்றரை ஆண்டுகளாகச் சென்னை மேடவாக்கத்தில் மகன் வீட்டில், ஏழாவது மாடியில் இருக்கிறேன்.

ஊரில் நான் பள்ளிக்கு நடந்து போகும்போது டீக்கடை பெஞ்சில் இருப்பவர்கள் எழுந்து, மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு வணக்கம் சொல்வார்கள். எதிரே சைக்கிளில் வரும் மாணவன் இறங்கித் தள்ளிக்கொண்டு போவான். இங்கே லிஃப்டில் எதிர்வீட்டு இளைஞருக்கு மூன்று நாள் தொடர்ந்து வணக்கம் சொன்னேன். காதில் இயர்போனோடு கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்காம் நாள் நானும் நிறுத்திவிட்டேன்.

ஆறு வாரங்களுக்கு முன் பேருந்தில் நடந்ததுதான் இன்னும் மனதை அறுக்கிறது. மூத்த குடிமக்கள் இருக்கையில் இரண்டு இளைஞர்கள் கைபேசியைப் பார்த்தபடி இருந்தார்கள். முழங்கால் வலியோடு கிண்டி வரை அவர்கள் பக்கத்திலேயே நின்றேன். கேட்டு வாங்க வேண்டிய பொருளா அது? இறங்கும் நேரத்தில் பொறுக்க முடியாமல், “உங்களைப் பெற்றவர்கள் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்களா?” என்று கத்திவிட்டேன். ஒருவன் ஏதோ பதிலுக்குச் சொல்ல, பேருந்தே திரும்பிப் பார்த்தது. மருமகளோ, “விடுங்க மாமா, இதைப் போய்ப் பெரிசுபண்ணிக்கிட்டு” என்கிறாள். அன்றிலிருந்து நான் வெளியே அதிகம் போவதில்லை. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு உறக்கம் வருவதில்லை. லிஃப்ட் பழுதான அன்று வடநாட்டுக் காவலாளி தண்ணீர் கேனை ஏழு மாடி சுமந்து வந்தார், சாப்பாடு கொண்டுவரும் பையன் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பான் என்பதெல்லாம் உண்டு. ஆனால் படித்தவர்களிடம் இங்கிதம் என்பதே செத்துவிட்டதா, அல்லது எனக்குத்தான் ஏதாவது ஆகிவிட்டதா?

— ஓய்வு பெற்ற ஆசிரியர், சென்னை

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோதுதான், இங்கிதம் என்ற ஒரே சொல்லுக்குள் நீங்கள் இரண்டு பொருள்களை வைத்திருப்பது புலப்பட்டது. டீக்கடையில் வேட்டியை இறக்கிவிட்டவர்கள் தலைமையாசிரியருக்கு உரிய மரியாதையைச் செய்தார்கள். அதில் அன்பும் கலந்திருக்கும். ஆனால் அதே காலத்தில், அதே காவிரிப் படுகை ஊர்களில், வயது முதிர்ந்த பண்ணையாளைப் பள்ளிச் சிறுவன் ஒருமையில் அழைத்ததையும் என்னைவிட நீங்கள் அதிகம் கண்டிருப்பீர்கள். அந்தப் பெரியவரைக் கேட்டால் அது இங்கிதம் மிகுந்த காலம் என்று சொல்லியிருப்பாரா? ஏழாவது மாடியில் நீங்கள் யார் என்பது யாருக்கும் தெரியாது. ஒன்றரை ஆண்டுகளில் நீங்கள் இழந்தவற்றுள் அந்த அடையாளமும் ஒன்று. அதன் வலி உண்மையானது என்றாலும், சமூகம் கெட்டுவிட்டது என்பதற்கு அது சாட்சியாகாது.

லிஃப்டில் கதவைப் பார்த்து நிற்பதற்கு வேறொரு பொருளும் உண்டு. முன்பின் அறியாதவர்கள் நெருங்கி நிற்க நேரும்போது ஒருவரையொருவர் உற்றுப் பார்க்காமல் விலகிக்கொள்வதும் நகரத்தின் ஒருவகைப் பண்புதான் என்று சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1963இல் எழுதினார். ஆனாலும் காதில் விழுந்த வணக்கத்துக்குப் பதில் சொல்லாமல் நிற்பதை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். விழுந்ததா என்பதுதான் தெரியவில்லை.

உங்கள் கேள்வியை உலகமே கேட்டுக்கொண்டிருக்கிறது. ஆடம் மாஸ்ட்ரோயானியும் டேனியல் கில்பர்ட்டும் 2023இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், குறைந்தது 60 நாடுகளின் மக்கள் ஒழுக்கம் குறைந்து வருவதாகவே நம்புவதைக் காட்டினார்கள். ஆனால் தம் காலத்து மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்ற கேள்விக்குப் பல ஆண்டுகளாகக் கிடைத்துவந்த விடைகளில் அப்படியொரு சரிவு தெரியவில்லை. இன்றைய கெட்டது உடனே கண்ணில் படுகிறது, பழைய கெட்டது நினைவில் மங்கிவிடுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். உங்கள் கடிதத்தையே பாருங்கள். பேருந்துக்கு ஒரு பத்தி கிடைத்திருக்கிறது. ஏழு மாடி ஏறியவருக்கும் கதவைப் பிடித்தவருக்கும் சேர்த்து ஒரே வாக்கியம், அடுத்த வாக்கியமே “ஆனால்” என்று தொடங்குகிறது. காவலாளியின் பெயரும் கடிதத்தில் இல்லை.

பேருந்துக்கு வருகிறேன். அது உங்களுக்கு உரிய இருக்கை. அவர்கள் எழுந்திருக்க வேண்டும். ஆனால் நீங்கள் கேட்கவில்லை. 1970களில் ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியலாளர், நியூயார்க் சுரங்க ரயிலில் எந்தக் காரணமும் சொல்லாமல் இருக்கை கேட்கும்படி தம் மாணவர்களை அனுப்பினார். கேட்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 68 விழுக்காட்டினர் இடம் கொடுத்தார்கள். திணறியவர்கள் கேட்டவர்கள்தாம், மில்கிராமே முயன்றபோது சொல் தொண்டையில் சிக்கிக்கொண்டதாம். உங்களைக் கிண்டி வரை நிற்க வைத்ததில் அந்தத் திணறலுக்கும் பங்கு உண்டு. 32 ஆண்டுகள் கேட்காமலே பெற்றுப் பழகியவருக்கு அது இன்னும் கடினமாக இருந்திருக்கும். “தம்பி, முழங்கால் வலிக்கிறது, கொஞ்சம் உட்காரட்டுமா?” என்று ஏறியவுடனேயே சொல்லிப் பாருங்கள். கோபம் சேர்ந்த பிறகு அதே வேண்டுகோள் குற்றச்சாட்டாகத்தான் வெளிவரும். எழாதவர்களும் இருப்பார்கள், அப்போது நடத்துநரிடம் சொல்லலாம்.

மருமகள் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. உங்களுக்கு அது பெரிய விஷயம்தான். மனைவியின் மறைவை அரை வாக்கியத்தில் கடந்திருக்கிறீர்கள். பேருந்தில் பட்ட அவமானத்தை அன்று மாலை யாரிடம் சொல்லியிருப்பீர்கள் என்பதை மகனிடம் ஒருமுறை பேசிப் பாருங்கள். ஆறு வாரமாக உறக்கம் கலைவதும் வெளியே போகப் பிடிக்காததும் கவனிக்க வேண்டியவை. முழங்காலுக்காக மருத்துவரைப் பார்க்கும்போது இவ்விரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். அவர் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னால் தயங்காமல் போய்வாருங்கள்.