ஸ்பீக்கருக்குச் சொந்தக் குரல் எதற்கு?

அன்புள்ள ஐயா,

மகன் கட்டாரிலிருந்து காசு அனுப்பி, நல்லதாக ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கச் சொன்னான். கொழும்பில் ஒரு கடையில், "இது எதையும் கூட்டாது, குறைக்காது, நியூட்ரல்" என்று ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். விலையைக் கேட்டுத் தலை சுற்றியது. சத்தமோ சப்பென்று இருந்தது. எங்கள் பழைய ரேடியோ இதைவிட நிறைவாகப் பாடும். ஒன்றும் சேர்க்காத பெட்டிக்கா இவ்வளவு காசு?

ச., பண்டாரவளை

அன்புள்ள ச.,

ஆமாம், அதற்குத்தான் காசு.

ரேடியோவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. எங்கள் தோட்டத்து லய வீட்டிலும் மரப்பெட்டி ரேடியோ ஒன்று இருந்தது. செய்தி, நாதஸ்வரம், மரண அறிவித்தல், எல்லாம் ஒரே தொண்டையில்தான் வரும். பழகிய தொண்டை என்பதால் இனிக்கிறது.

காமன் கூத்துக்குத் தப்பு மேளம் அடிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். தீயில் காட்டித் தோலை இறுக்கிய பிறகுதான் அடிப்பார்கள்; பனியில் கொஞ்ச நேரத்திலேயே அது தொய்ந்துவிடும். காய்ந்த தப்பும் தொய்ந்த தப்பும் பதிவிலும் வேறுவேறாகக் கேட்க வேண்டாமா? பேஸை, அதாவது கீழ்ச் சுரங்களை, ஊதிக்காட்டும் பெட்டியில் இரண்டும் ஒரே 'தும்'. எதையும் கூட்டாத, குறைக்காத நேரான பெட்டியில் உங்களுக்கு பேஸ் போதாவிட்டால் ஆம்ப்ளிஃபயரில் திருகிக் கூட்டிக்கொள்ளலாம். பெட்டியே ஒரு சுரத்தில் முனகினால், அந்த முனகலை மட்டும் எந்தத் திருகாலும் பிடுங்க முடியாது.

1980களில் கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தில் ஒலி ஆய்வாளர் ஃபிலாய்ட் டூல் ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் மறைத்துவைத்து ஆட்களைக் கேட்கச் சொன்னார். பெரும்பாலானவர்களுக்குப் பிடித்தவை, கருவியால் அளந்தபோதும் நேராக இருந்தவைதான். பின்னாளில் அவரும் சக ஆய்வாளர் ஷான் ஆலிவும் திரையை எடுத்துவிட்டும் சோதித்தார்கள். பெட்டியைக் கண்ணால் பார்த்ததும் மதிப்பெண் மாறியது. நீங்களும் விலையைக் கேட்டுத் தலை சுற்றிய பிறகுதானே கேட்டிருக்கிறீர்கள்?

பாட்டைப் பதிவுசெய்கிறவர்களே நேரான பெட்டியில் கேட்பதில்லையே என்று யாராவது உங்களிடம் சொல்லலாம். ஓரளவு உண்மைதான். யமஹா என்எஸ்-10 என்ற ஸ்பீக்கர் 1978இல் வீட்டுக்கென்று வந்து ஸ்டூடியோக்களில் குடியேறியது. நேரான ஒலி அதற்குக் கிடையாது. அதற்காக, எழுதியவர் கையெழுத்து கோணல் என்று நாமும் கோணல் கண்ணாடி போட்டுக்கொண்டா வாசிப்பது?

சப்பென்று கேட்டதற்கு வேறு காரணமும் இருக்கலாம். சத்தம் குறையக் குறைய நம் காதுக்கு பேஸ்தான் முதலில் மங்கும். ஃபிளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1933லேயே அளந்து சொன்ன விஷயம் இது. கடையில் மெதுவாக வைத்திருந்தார்களோ என்னவோ.

அப்புறம் அறை. கீழ்ச் சுரங்களில் பெட்டியைவிட அறைதான் அதிகம் பேசும். 12 அடி நீள அறை 47 ஹேர்ட்ஸ் அருகே முழங்கும், 10 அடி என்றால் 56 அருகே. லயக் காம்பராவோ புது வீடோ, மூலையில் ஒட்டிவைத்தால் நியூட்ரல் பெட்டியும் ரேடியோவாகிவிடும். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வையுங்கள். கடைக்காரர் சம்மதித்தால் வாங்குமுன் ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டுவந்து, நன்றாகப் பழகிய ஒரு குரலைப் போட்டுக் கேளுங்கள். மழையில்லாத நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் தகரக் கூரையை இதுவரை எந்த ஸ்பீக்கரும் ஜெயித்ததில்லை.