சீரியல் கன்சோலில் (சீரியல் போர்ட் வழியாகப் பார்க்கும் திரையில்) லினக்ஸின் மையமான கெர்னலின் செய்திகள் கொட்டிக்கொண்டே இருக்கின்றன, கட்டளை அடிக்கவே முடியவில்லை. லாக் போய்விடாமல் இதை நிறுத்த முடியுமா?

முடியும். லினக்ஸில் கன்சோல் லாக் லெவல் என்பது திரைக்கு எது வர வேண்டும் என்பதை மட்டும்தான் பார்க்கும். அதைக் குறைத்தாலும் செய்திகள் கெர்னலின் ரிங் பஃபருக்கு (செய்திகளைச் சேர்த்து வைக்கும் நினைவகப் பகுதிக்கு) போய்க்கொண்டுதான் இருக்கும். டிமெசேஜ் (dmesg) என்ற கட்டளையை அடித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

செய்திகளின் நிலைகள் 0 முதல் 7 வரை. 0 எமர்ஜென்சி, 3 எரர், 4 வார்னிங், 6 இன்ஃபோ, 7 டிபக். எண் குறையக் குறைய விஷயம் தீவிரம். பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: லெவலை 4 என்று வைத்தால் 4-க்குக் கீழே உள்ளவை மட்டுமே வரும். வார்னிங்கும் வேண்டுமென்றால் 5 வைக்க வேண்டும்.

உடனடி நிவாரணத்துக்கு, ரூட்டாக (நிர்வாகப் பயனராக) இருந்து டிமெசேஜுக்கு 'மைனஸ் என்' (-n) போட்டு 4 கொடுங்கள். ரீபூட் செய்தால் போய்விடும். நிலைக்க வேண்டுமென்றால் கெர்னல் அமைப்புகளுக்கான சிஸ்சிடிஎல் (sysctl) கோப்பில் கெர்னல் ப்ரிண்ட்கே (kernel.printk) மதிப்பை மாற்றுங்கள். அதில் 4 எண்கள் இருக்கும். உங்களுக்குத் தேவை முதல் எண் மட்டும்தான்.

உபுண்டுவில் ஒரு வேடிக்கை. டிபக் செய்யலாம் என்று பூட்லோடரான கிரப்பில் லாக்லெவலை 8 ஆக்குவீர்கள். பூட் தொடங்கும்போது எல்லாம் வரும், கொஞ்ச நேரத்தில் கப்சிப். உபுண்டுவோடு வரும் ஒரு சிஸ்சிடிஎல் கோப்பு '4 4 1 7' என்று மேலே எழுதிவிடுவதுதான் காரணம். அதையும் மாற்றினால்தான் நீங்கள் சொன்னது நிற்கும்.

சீரியலில் இதை அலட்சியமாக விடவும் கூடாது. 9600 பாட் வேகத்தில் நொடிக்குச் சுமார் 960 எழுத்துகள்தான் போகும். 80 எழுத்து வரி ஒன்றுக்கே 80 மில்லிநொடிக்கு மேல். பல கெர்னல்களில் அதுவரை அந்த சிபியூ காத்துக் கிடக்கும். டிரைவர் ஒன்று விடாமல் புலம்பினால் பெட்டியே தவழும்.

அதற்காக ஒரேயடியாக 1-க்கு இறக்காதீர்கள். கெர்னல் பேனிக் ஆனால் (மீள முடியாத பிழையில் நின்றுபோனால்) அதுவே லெவலை ஏற்றிக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் டிஸ்க் எரர் போன்றவை பேனிக் வரை போகாமலே தொல்லை தரும். அவை கண்ணில் பட வேண்டும். என் கணக்கில் சர்வருக்கு 4 சரி.

கட்டளையே அடிக்க முடியாத அளவுக்குக் கொட்டுகிறதா? கெர்னலுக்கு நேரடியாகக் கட்டளை தரும் சிஸ்ஆர்க்யூ (SysRq) வசதிக்கு அனுமதி இருந்தால் சீரியலில் பிரேக் சிக்னல் அனுப்பி, 5 நொடிக்குள் 4-ஐ அழுத்துங்கள். லெவல் அங்கேயே இறங்கிவிடும்.