முதலில் நம்பர், அப்புறம்தான் போன்

கேள்வி: டான்டீயில் (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) ஓய்வுபெற்று, தோட்டத்து லைன் வீட்டைக் காலி செய்துவிட்டுப் புதுக் குடியிருப்புக்கு வந்திருக்கும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் குடும்பங்களுக்கு எங்கள் மகளிர் குழு செல்போன் வகுப்பு எடுக்கப்போகிறது. எதிலிருந்து தொடங்கலாம்?
– வாசகி, பந்தலூர்

பதில்: ஆப்பை விடுங்கள். ஆதாரில் எந்த நம்பர் இருக்கிறது, அந்த சிம் இப்போது யாரிடம் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். பல வீடுகளில் ஒரே போன்தான்; மகன் திருப்பூர் வேலைக்குப் போனால் நம்பரும் கூடவே போய்விடும். ஓடிபி அங்கே, ஆள் இங்கே. ப்ரீபெய்ட் எண் 90 நாள் சும்மா கிடந்தால் நிறுத்திவிடலாம் (பேலன்ஸில் 20 ரூபாய் இருந்தால் இன்னும் 30 நாள் தாங்கும்). பிறகு அது வேறொருவர் கைக்குப் போய்விடும், வங்கி மெசேஜோடு சேர்த்து!

எண் போய்விட்டதென்றால் ஆதார் மையத்துக்கு நேரில் போய்ப் புது எண்ணைச் சேருங்கள். அதற்கு ஆவணம் தேவையில்லை. புது முகவரிக்கு ஆவணம் வேண்டும். கையோடு கொண்டுபோனால் இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில், ஒரே கட்டணத்தில் முடிக்கலாம். ஓடிபி வாங்க ஸ்மார்ட்போன் அவசியமில்லை. அந்த சிம்மை ஒரு பட்டன் போனில் போட்டுப் பெரியவர்களிடமே கொடுத்துவிடுவது நல்லது.

கேள்வி: கொழுந்து பறித்தே அம்மாவுக்கு ரேகை தேய்ந்துவிட்டது. பி.எஃப். பென்ஷன் உயிர்வாழ் சான்றுக்கு விரல் வைத்தால் மெஷின் எடுப்பதில்லை.
– வாசகர், குன்னூர்

பதில்: முகத்தைக் காட்டியே முடிக்கலாம். 'ஆதார் ஃபேஸ் ஆர்டி', 'ஜீவன் பிரமான்' என்ற இரண்டு ஆப்பையும் போனில் ஏற்றுங்கள். முன்னதற்குத் திரையில் ஐகான் வராது. ஏறவில்லையென்று பலர் திரும்பத் திரும்ப ஏற்றுகிறார்கள். முதலில் நீங்கள் ஆபரேட்டராக (பதிந்துகொடுப்பவராக) உங்கள் ஆதார் எண்ணையும் முகத்தையும் பதியுங்கள். அது ஒரு தடவை போதும். அதே போனில் அக்கம்பக்கத்து வீட்டாருக்கும் செய்துகொடுக்கலாம். அடுத்து அம்மாவின் ஆதார், பிபிஓ எண் (பென்ஷன் ஆணை எண்), வங்கிக் கணக்கு எண் இவற்றைப் போடுங்கள். வெளிச்சம் முகத்தில் விழ உட்கார வைத்து, கண்ணாடியைக் கழற்றி, கண் சிமிட்டச் சொல்லுங்கள். ஜன்னல் முதுகுப்பக்கம் இருந்தால் முகம் கறுத்துப் பதிவாகாது. பள்ளத்து வீடென்றால் சிக்னல் கிடைக்கிற மேட்டுக்குக் கூட்டிப்போங்கள். பி.எஃப். பென்ஷனுக்கு நவம்பர் வரை காத்திருக்க வேண்டாம். கொடுத்த நாளிலிருந்து ஓராண்டு செல்லும்.

கேள்வி: "பணம் அனுப்பியிருக்கிறோம், வாங்கிக்கொள்ள பின் போடுங்கள்" என்று போன் வருகிறதே?
– வாசகர், கோத்தகிரி

பதில்: யுபிஐயில் பணம் வாங்க பின் வேண்டவே வேண்டாம். போட்டால் உங்கள் பணம்தான் போகும். போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள்.