பனாமா தொப்பி: கேட்டவர்களுக்குப் பதில்

ஓலைக் கீற்றில் நெய்த என்னுடைய பழைய பனாமா தொப்பியின் படத்தைப் பார்த்துவிட்டுக் கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவரை பதில் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு வேண்டுகோள்: தொப்பியை உச்சியில் கிள்ளித் தூக்காதீர்கள். இதை இன்னும் இரண்டு தடவையாவது சொல்வேன்.

மதுரை வாசகர்: ஐயா, இது பனாமா நாட்டில் செய்வதுதானே?

இல்லை, தென் அமெரிக்காவில் உள்ள ஈக்வடாரில். அன்றும் இன்றும் அங்கேதான். பசிபிக் கரையில் மனாபி மாகாணத்து மோன்தேகிரிஸ்தி, மலைப்பக்கம் குவென்கா, இரண்டும் பேர் போன ஊர்கள். விற்பனைதான் பனாமாவில் நடந்தது. 1849இல் கலிபோர்னியாவில் தங்கம் தேடிப் போன கூட்டத்தில் ஒரு பகுதி பனாமா வரை கப்பலில் வந்து, நிலத்தைக் கடந்து, மறுகரையில் வேறு கப்பல் ஏறியது. வெயில் மண்டையைப் பிளக்க, அங்கே விற்ற தொப்பியை வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். வாங்கிய ஊரின் பெயர் முன்பே வழக்கில் இருந்தது, இப்போது அழுத்தமாக ஒட்டிக்கொண்டது, நெய்த ஊரின் பெயர் காணாமல் போனது.

தஞ்சாவூர் வாசகி: எந்த ஓலை? பனை மாதிரி இருக்கிறதே?

நல்ல கேள்வி. பார்க்கப் பனை மாதிரி இருக்கும், ஆனால் பனை இல்லை. கார்லுடோவிகா பால்மாட்டா என்பது தாவரப் பெயர். ஸ்பெயின் மன்னர் கார்லோசும் அரசி லூயிசாவும் அந்தப் பெயருக்குள் இருக்கிறார்கள். உள்ளூரில் தோக்கியா. சொந்தம் பார்த்தால் பனையைவிட நம் ஊர்த் தாழைக்குத்தான் கிட்டத்து உறவு.

விரியாத குருத்தாகவே வெட்டி, முரட்டு நாரைக் கழித்து, மெல்லிய கீற்றாகக் கிழித்து வேகவைக்கிறார்கள். காற்றில் காயும்போது கீற்றின் இரு ஓரமும் உள்நோக்கிச் சுருண்டு, தட்டைக் கீற்று நூல் மாதிரி உருண்டுவிடும். அப்புறம் கந்தகப் புகை காட்டி வெளுக்கிறார்கள். நெசவு உச்சியின் நடுப்புள்ளியில் தொடங்கும். உயர்ந்த ரகத்தை நெய்கிறவர் மரக்கட்டை மேல் நெஞ்சைச் சாய்த்து, குனிந்தபடியே நெய்வார். அதிகாலையிலும் பொழுது சாய்ந்த பிறகும்தான் வேலை. உச்சி வெயிலில் கீற்று காய்ந்து ஒடியும், விரலும் வியர்க்கும். ரகத்தைப் பொறுத்து ஒரு தொப்பிக்கு ஒரு நாளும் ஆகலாம், எட்டு மாதமும் ஆகலாம். இந்த நெசவை 2012இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

திருநெல்வேலி வாசகர்: எங்கள் பத்தமடைப் பாயை விடவா நுணுக்கம்?

சண்டைக்கு இழுக்கிறீர்கள், சரி. பத்தமடையில் கோரை ஊடாக ஓடும், பாவு நூல். தறியும் உண்டு. தோக்கியாவில் இரண்டு பக்கமும் கீற்றுதான். தறி கிடையாது, ஊசி கிடையாது, விரல்தான். அதோடு பாய் தட்டை. இதுவோ வட்டமாகத் தொடங்கி, குழிந்து இறங்கி, மறுபடி ஓரமாக விரியவேண்டும். ஆனால் பட்டுப் பாவு போட்ட நல்ல பத்தமடைப் பாயை எதிரில் வைத்தால் நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன்.

கோவை வாசகர்: அசலைக் கண்டுபிடிப்பது எப்படி?

வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பாருங்கள். உச்சியின் நடுவிலிருந்து வளையம் வளையமாகத் தெரியும். புதுக் கீற்று சேர்த்த இடங்கள் அவை. எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு உசத்தி. நாடாவைச் சுருளாகச் சுற்றித் தைத்தது போல இருந்தால் அது வேறு தொப்பி. முறுக்கிய காகித நூலில் இயந்திரம் நெய்ததும் நிறைய வருகிறது. ஓரத்தில் தையல் இருப்பதை மட்டும் வைத்துப் போலி என்று முடிவுகட்டாதீர்கள். ஓரத்தை வெட்டித் தைத்த அசலும் உண்டு.

சேலம் வாசகர்: பனாமாவில் செய்வதால்தான் இந்தப் பெயரா?

மதுரைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

திருச்சி வாசகர்: நீங்கள் சொன்னது தவறு சார். 1906இல் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் பனாமா கால்வாய் வேலையைப் பார்க்கப் போனபோது இந்தத் தொப்பியோடு எடுத்த படத்தால்தான் பெயர் வந்தது.

பயணம் உண்மை, படமும் உண்மை. நீராவி மண்வாரியில் வெள்ளை உடுப்போடு உட்கார்ந்திருப்பார். தொப்பி பிரபலமாக அந்தப் படம் உதவியது, அவ்வளவுதான். 1830களிலேயே ஆங்கில அச்சில் இந்தப் பெயர் வந்துவிட்டது. ரூஸ்வெல்ட் பிறந்ததே 1858இல்.

மீண்டும் திருச்சி: எல்லா இடத்திலும் ரூஸ்வெல்ட் என்றுதானே போட்டிருக்கிறார்கள்?

ஒருவர் எழுதியதைப் பத்துப் பேர் எடுத்துப் போட்டால் பத்துச் சாட்சி ஆகிவிடாது. தொப்பியின் கதையில் ஒரு மனிதரைக் கட்டாயம் கொண்டுவரவேண்டும் என்றால் எலோய் அல்ஃபாரோவைக் கொண்டுவாருங்கள். 1842இல் மோன்தேகிரிஸ்தியில் பிறந்தவர், இரண்டு முறை ஈக்வடார் ஜனாதிபதி. அப்பா தொப்பி ஏற்றுமதியாளர். தொப்பியில் வந்த பணம் அவருடைய அரசியலுக்கும் போனது. ஒரு நாட்டு வரலாற்றிலேயே இந்த ஓலைக்குப் பங்கு இருக்கும்போது, ரூஸ்வெல்ட் ஒரு நாள் தலையில் வைத்ததைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள்.

இன்னும் திருச்சி: கோபப்படாதீர்கள் சார்.

கோபம் இல்லை தம்பி. அடுத்தவர்.

பெங்களூர் வாசகர்: மோதிரத்துக்குள் நுழையும் அளவுக்குச் சுருட்டலாமாமே?

மெல்லிய ரகம் சுருளும், வித்தைக்கு நன்றாக இருக்கும். சுருட்டியே வைத்திருந்தால் மடிப்பில் கீற்று ஒடியும். குளிர்சாதன அறையின் வறட்சியில் இன்னும் சீக்கிரம். கெட்டில் ஆவியைக் கொஞ்சம் காட்டினால் மெத்தென்று ஆகும். உச்சியைக் கிள்ளாதீர்கள்.

ஈரோடு வாசகர்: முன்பக்கம் கிள்ளும் இடத்தில் கிழிந்துவிட்டது, என்ன செய்ய?

அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்! இனி ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து எடுங்கள். கிழிந்ததைப் பசை போட்டு ஒட்டாதீர்கள்.

சென்னை வாசகி: ஃபெடோராவும் இதுவும் ஒன்றா?

ஃபெடோரா என்பது வடிவத்தின் பெயர்: உச்சியில் பள்ளம், முன்பக்கம் கிள்ளியது போல, சுற்றிலும் ஓரம். பனாமா என்பது ஓலையையும் நெசவையும் குறிப்பது. ஃபெடோரா வடிவத்தில் பனாமா உண்டு.

வேலூர் வாசகர்: எம்.ஜி.ஆர். போட்டது?

புசுபுசு குல்லா. ஓலை இல்லை, என் பாடமும் இல்லை.

மீண்டும் மதுரை: ஐயா, அப்போ பனாமா நாட்டுக்கென்று தொப்பியே கிடையாதா?

உண்டே. வெளிர் நிறத்தில் கறுப்பு வரிகளும் கோலங்களும் வைத்துச் செய்வார்கள், பெயர் பிந்தாவோ. அதையும் 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. பனாமாவிலேயே செய்கிறார்கள், ஆனால் பனாமா தொப்பி என்று கடையில் கேட்டால் யாரும் அதை எடுத்துத் தரமாட்டார்கள்.