பொறுப்பு இயக்குநர்: டிரஸ்டிகளும் ஊழியர்களும் கேட்டவை

இயக்குநர் விலகிய பிறகு, புதியவர் வரும்வரை தொண்டு நிறுவனத்தை யார் நடத்துவது? அப்படி இடையில் நடத்துபவரே பொறுப்பு இயக்குநர். இதைப் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும். தமிழ்நாட்டில் டிரஸ்டாகவோ சொசைட்டியாகவோ பதிவாகி, வெளிநாட்டு நிதியும் பெறும் நிறுவனங்களை வைத்துச் சொல்கிறேன்.

எங்கள் நிறுவனர் 22 வருடம் இயக்குநராக இருந்தவர், ஜூனில் விலகுகிறார். நேரடியாகப் புதியவரைப் போட்டால் என்ன? (டிரஸ்டி, மதுரை)

நிறுவனருக்கு அடுத்த நாற்காலியில் உட்காருபவர்தான் அதிகம் அடிபடுவார். "ஐயா இருந்தப்ப இப்படி இல்லையே" என்ற பேச்சு அவர் என்ன செய்தாலும் வரும். அந்தப் பேச்சைத் தாங்கிக்கொண்டு, கணக்கையும் கோப்புகளையும் ஒழுங்குபடுத்திவிட்டுப் போக ஒருவர் இடையில் இருப்பது நல்லது. ஆறு முதல் ஒன்பது மாதம் வையுங்கள். மூன்று மாதம் என்று தொடங்கும் போர்டுகள் அனேகமாக நீட்டிப்புக் கடிதம் எழுத வேண்டி வரும். வேலை விவரம் எழுதி விளம்பரம் செய்ய ஒரு மாதம், நேர்காணல்களுக்கு இரண்டு மாதம், தேர்வானவர் பழைய வேலையில் நோட்டீஸ் முடிக்க இன்னும் இரண்டு, மூன்று மாதம். ஊழியர்கள் நான்கைந்து பேர்தான், கைதேர்ந்த அடுத்த ஆளும் உள்ளேயே இருக்கிறார் என்றால் இதெல்லாம் வேண்டாம். அவரையே நியமித்துவிடுங்கள்.

துணை இயக்குநரைப் பொறுப்பு இயக்குநராகப் போடலாமா? நிரந்தரப் பதவிக்கும் விண்ணப்பிப்பேன் என்கிறார்.

விண்ணப்பிக்கிறவர் என்றால் போடாதீர்கள். போட்டியில் இருப்பவர் கசப்பான முடிவு எதையும் எடுக்க மாட்டார். வெளியிலிருந்து விண்ணப்பிக்க நினைப்பவர்களும் "ஆள் முடிவாகிவிட்டது" என்று ஒதுங்கிவிடுவார்கள். விண்ணப்பிக்கவில்லை என்று எழுத்தில் தந்தால் போடலாம். அப்போது அவருடைய பழைய வேலையை யார் பார்ப்பது, கூடுதல் பொறுப்புக்கு மாதம் எவ்வளவு படி, முடிந்ததும் பழைய பதவிக்கே திரும்புவார் என்ற மூன்றும் கடிதத்தில் இருக்க வேண்டும். முதலாவதை எழுதாமல் விட்டால் ஒரே ஆள் இரண்டு நாற்காலியில் உட்கார்ந்து இரண்டையும் கெடுப்பார்.

டிரஸ்டி ஒருவரே சம்பளம் வாங்கிக்கொண்டு பொறுப்பு இயக்குநராக இருக்க முன்வருகிறார்.

முதலில் டிரஸ்ட் பத்திரத்தை எடுங்கள். டிரஸ்டிக்கு ஊதியம் கூடாது என்று பல பத்திரங்களில் இருக்கும். தடை இல்லையென்றாலும், வேலைக்குத் தகுந்ததைவிட அதிகம் கொடுத்தால் வருமான வரி விலக்குக்கே ஆபத்து. இதே அளவுள்ள நிறுவனங்களில் என்ன சம்பளம் என்று விசாரித்ததை மினிட்ஸில் பதியுங்கள். அந்தக் காலத்துக்கு அவர் போர்டிலிருந்து விலகி நிற்க வேண்டும். தன்னைத் தானே மேற்பார்வை பார்க்க முடியாது. வெளிநாட்டு நிதியிலிருந்து சம்பளம் கொடுத்தால் அது நிர்வாகச் செலவில் சேரும் என்பதையும் பாருங்கள். வெளிநாட்டு நிதிச் சட்டத்தின் (எஃப்சிஆர்ஏ) 2020 திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவின் உச்சவரம்பு அந்த நிதியில் 20 சதவீதம். முன்பு 50 ஆக இருந்தது.

பொறுப்பு இயக்குநரை நியமிக்கும் தீர்மானத்தில் என்ன எழுதுவது?

"நிர்வாகத்தைக் கவனித்துக்கொள்வார்" என்ற ஒற்றை வரிதான் பல இடங்களில் இருக்கிறது. அது போதாது. தொடக்க, முடிவுத் தேதிகள், யாரிடம் அறிக்கை தருவார் (முழு போர்டு அல்ல, தலைவர் ஒருவர்), எந்தத் தொகைவரை தனியாகக் கையெழுத்திடலாம், இரு தரப்புக்கும் 30 நாள் நோட்டீஸ் என்பவை வேண்டும். செய்யக் கூடாததையும் எழுதுங்கள். உதாரணத்துக்கு: "போர்டின் முன் அனுமதியின்றி நிரந்தர வைப்பை உடைக்கவோ, கடன் வாங்கவோ, நிரந்தர ஊழியரை நியமிக்கவோ நீக்கவோ, ஓராண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தம் செய்யவோ அவருக்கு அதிகாரமில்லை." செய்ய வேண்டியதாக மூன்று வேலைக்கு மேல் கொடுக்காதீர்கள். பத்து கொடுத்தால் அவர் பொறுப்பு இயக்குநர் இல்லை, நிரந்தர இயக்குநர்.

பழைய இயக்குநர் போன மாதமே சம்பளம் போட முடியவில்லை. எங்கே தவறினோம்? (கணக்காளர், திண்டுக்கல்)

அவர் போன பிறகு வங்கிக்குப் போயிருப்பீர்கள். கையெழுத்து மாற்றத்துக்குத் தீர்மான நகல், புதியவரின் கேஒய்சி (அடையாள ஆவணங்கள்), நெட் பேங்கிங் உரிமை என்று எளிதாக இரண்டு மூன்று வாரம் ஓடிவிடும். வெளிநாட்டு நிதி வந்து சேரும் ஸ்டேட் வங்கியின் புது தில்லி முதன்மைக் கிளைக் கணக்குக்கு இன்னும் நாள் பிடிக்கலாம். ஆகவே பழையவர் இருக்கும்போதே தொடங்கி, இரண்டு மாதச் சம்பளத்துக்கும் வாடகைக்கும் உள்ளூர்க் கணக்கில் பணம் இருக்கும்படி பாருங்கள்.

வங்கியைவிட மோசமானது ஓடிபி. வருமான வரி, பிஎஃப், தர்பன் (தொண்டு நிறுவனங்கள் பதியும் அரசுத் தளம்), எஃப்சிஆர்ஏ தளங்களில் பதிவான கைபேசி எண் யாருடையது? பெரும்பாலும் பழைய இயக்குநரின் சொந்த எண். ஒரு தாளில் தளத்தின் பெயர், பயனர் பெயர், பதிவான எண், மின்னஞ்சல், மாற்றிய தேதி என்று ஐந்து கட்டம் போட்டு, கடைசிக் கட்டம் நிரம்பாமல் அவருக்கு விடைபெறும் விழா வைக்காதீர்கள்! இனி எண்ணும் மின்னஞ்சலும் அலுவலகத்தின் பெயரிலேயே இருக்கட்டும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் அவருடைய சொந்தக் கையெழுத்து. மேசை டிராயரில் வைத்துக்கொண்டு அவர் போன பிறகு படிவங்களுக்குக் குத்தக் கூடாது. புதியவருக்குப் புதிது வாங்குங்கள்.

இயக்குநர் எஃப்சிஆர்ஏ பதிவில் முக்கிய நிர்வாகியாக இருந்தால் நிர்வாகி மாற்றத்தைத் தெரிவிக்கும் எஃப்சி-6இ படிவத்தை 45 நாளுக்குள் போட வேண்டும். புதியவரின் ஆதார் தேவைப்படும். "தற்காலிகம்தானே" என்று விட்டுவிடும் படிவம் இதுதான். சொசைட்டியில் அவர் செயற்குழு உறுப்பினராகவும் இருந்தால் பதிவாளருக்கும் மாற்றத்தைத் தெரிவியுங்கள்.

நிதி தருபவர்களிடம் எப்போது சொல்வது?

ஊழியர்களுக்குச் சொல்லும் அதே நாளில். பெரிய மூன்று நான்கு பேருக்குத் தலைவரே போன் செய்து, பிறகு கடிதம். இயக்குநர் மாறினால் முன் அனுமதி வேண்டும் என்று சில ஒப்பந்தங்களில் ஒரு பிரிவு இருக்கும். முதலில் அதைத் தேடிப் படியுங்கள்.

நிறுவனர் விலகிய பிறகும் தினமும் அலுவலகம் வருகிறார். பொறுப்பு இயக்குநருக்குச் சங்கடம், யாரும் சொல்லத் துணியவில்லை.

அதைச் சொல்வது தலைவரின் வேலை, பொறுப்பு இயக்குநரின் வேலை அல்ல. சார்ஜ் கொடுக்க இரண்டு வாரம், அதன் பிறகு மூன்று மாதம் தலைவர் வழியாக மட்டும், கேட்டால் மட்டும் ஆலோசனை என்று விலகும் கடிதத்திலேயே போட்டிருந்தால் இந்தச் சங்கடம் வந்திருக்காது. இப்போதும் தாமதமில்லை. மரியாதையாக அவர் வீட்டுக்குப் போய்ப் பேசச் சொல்லுங்கள். அவருடைய பழைய அறையைக் கூட்ட அறையாக மாற்றிவிடுங்கள். அறை அப்படியே இருக்கும்வரை கோப்புகள் அங்கேதான் போகும்.