சராசரிக்குள் மறையும் ஈரம்

கேள்வி: எங்கள் ஆவணக் காப்பகத்தின் சேமிப்பறையில் ஓராண்டாக டேட்டா லாகர் (வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் தொடர்ந்து பதிவுசெய்யும் கருவி) வைத்திருக்கிறோம். ஆண்டுச் சராசரி 22 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை, 54 சதவீத ஈரப்பதம். இது நல்ல அளவுதான் என்று அறிக்கையில் எழுதிவிட்டோம். ஆனால், வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் பெட்டிகளின் பின்புறம் பூஞ்சணம் படர்ந்திருக்கிறது. கருவி பொய் சொல்கிறதா?

பதில்: கருவி சொன்னது உண்மையாகவே இருக்கலாம், ஆனால், அது இருந்த இடத்தைப் பற்றி மட்டுமே அது பேசியது. சராசரியோ அந்த ஓர் இடத்தைப் பற்றிய செய்தியிலும் பெரும்பகுதியை அழித்துவிடுகிறது. மழைக்காலத்தில் மூன்று வாரம் 78 சதவீதத்திலும், வறண்ட மாதங்களில் 40 சதவீதத்திலும் இருந்த அறைக்குக்கூட ஆண்டுச் சராசரி 54 என்று வரக்கூடும். பூஞ்சணம் சராசரிக்காகக் காத்திருப்பதில்லை. ஏறத்தாழ 25 டிகிரி வெப்பத்தில், ஈரப்பதம் 70 சதவீதமாக இருந்தால் அது முளைக்கச் சில மாதங்கள் ஆகலாம். 80 சதவீதத்தில் பத்து நாள் அளவே போதும். 90ஐத் தாண்டினால் இரண்டொரு நாளிலேயே தொடங்கிவிடும். ஆகவே அடுத்த அறிக்கையில் சராசரிக்குப் பதிலாக, ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து எத்தனை மணி நேரம் நீடித்தது என்பதை மாதவாரியாக எழுதுங்கள்.

சுவரின் கதை வேறு. கருவி காட்டுவது ஒப்பு ஈரப்பதம். அதாவது, அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு இப்போது இருக்கிறது என்ற கணக்கு. காற்று குளிர்ந்தால், ஒரு துளி நீரும் புதிதாகச் சேராமலேயே இந்தச் சதவீதம் ஏறும். அறையின் நடுவே 22 டிகிரி, 54 சதவீதம் என்று இருக்கும் அதே நேரத்தில் வெளிச்சுவர் 17 டிகிரிக்குக் குளிர்ந்திருந்தால், சுவரைத் தொடும் காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 74 சதவீதம். பெட்டிகள் சுவரோடு ஒட்டியிருந்தால் காற்று நகரவும் வழியில்லை. அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் விலக்கி, பெட்டிகளுக்குப் பின்னால் இன்னொரு கருவியை வையுங்கள். பூஞ்சணம் படிந்த பெட்டிகளைக் கையுறையும் முகக்கவசமும் அணிந்து தனியறைக்கு மாற்றிய பிறகு இதைச் செய்வது நல்லது.

வரைபடத்தில் வெப்பநிலை, ஈரப்பதம் ஆகிய இரண்டு கோடுகளை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். மூன்றாவதாகப் பனிநிலைக் கோட்டையும் வரையுங்கள். பெரும்பாலான மென்பொருள்கள் அதைத் தாமே கணக்கிட்டுத் தருகின்றன. காற்றில் உள்ள நீராவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையே பனிநிலை. 22 டிகிரியும் 54 சதவீதமும் உள்ள காற்றுக்கு அது சுமார் 12 டிகிரி. இரவில் அறை 18 டிகிரிக்கு இறங்கும்போது ஈரப்பதம் 69ஐ எட்டினாலும், பனிநிலைக் கோடு 12இலேயே அசையாமல் நின்றால், அறைக்குள் புதிய நீர் வரவில்லை, குளிர்ச்சிதான் காரணம் என்று பொருள். மாறாக, பனிநிலையே மேலேறினால் நீர் எங்கிருந்தோ உள்ளே வந்திருக்கிறது: கூரைக் கசிவு, ஈரத் துணியால் தரை துடைத்தது, திறந்து கிடந்த சன்னல் என்று தேட வேண்டும். முதல் நிலையில் ஈரநீக்கி வாங்குவதைவிட வெப்பநிலையை நிலைப்படுத்துவதே முறை. இரண்டாவதில் நீர் வரும் வழியை அடைக்காமல் எந்தக் கருவியை வாங்கினாலும் பணம் வீண். இந்த ஒரு கோட்டைப் படிக்கப் பழகாததால், பல காப்பகங்கள் தவறான நோய்க்கு மருந்து வாங்குகின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: எங்கள் காட்சிக்கூடத்தில் ஈரப்பதம் ஒரே நாளில் 48இலிருந்து 57 வரை ஏறி இறங்குகிறது. 50 சதவீதத்திலிருந்து 5 மட்டுமே விலகலாம் என்ற விதியை மீறுகிறோமா?

பதில்: பெரும்பாலான பொருள்களுக்கு அவ்வளவு இறுக்கம் தேவையில்லை. பெரிய அருங்காட்சியகங்களின் தலைவர்கள் கூடும் பிஸோ குழுவின் நெறிமுறை, மரம், தாள், துணி போன்ற ஈரம் உறிஞ்சும் பொருள்களில் பெரும்பாலானவற்றுக்கு 40 முதல் 60 சதவீதம் வரையிலான நிலையான ஈரப்பதத்தையும், 16 முதல் 25 டிகிரி வரையிலான வெப்பநிலையையும் ஏற்கிறது. காற்றின் ஏற்றத்தாழ்வு பொருளின் உள்ளே எவ்வளவு போய்ச் சேருகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. தனித்தாள் ஒன்று நிமிடங்களில் எதிர்வினை காட்டும். மூடிய பெட்டிக்குள் நெருக்கமாக அடுக்கிய கோப்புகள் உணர நாள்கள், சில வேளை வாரங்கள்கூட ஆகும். கதவு திறந்தபோது வரைபடத்தில் எழுந்த கூர்மையான முனைக்காக அவை வருந்துவதில்லை. விரிசலோடு இழுபட்டு நிற்கும் மரப்பலகை ஓவியம், உப்பேறிய உலோகம், அசிடேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன பழைய ஃபிலிம் ஆகியவற்றுக்குத் தனி வரம்பு வேண்டும். ஃபிலிமைப் பொறுத்தவரை ஏற்றத்தாழ்வைவிட வெப்பமே பெரிய பகை. வெப்பநிலையை 5 டிகிரி குறைத்தால் அதன் ஆயுள் தோராயமாக இரு மடங்காகும்.

கேள்வி: ஒரே அறையில் இரண்டு கருவிகள் 5 சதவீத வேறுபாடு காட்டுகின்றன. எதை நம்புவது?

பதில்: பல கருவிகளின் துல்லியமே 2 அல்லது 3 சதவீதம் கூடக்குறைய என்பதால், ஒன்று மேலும் மற்றொன்று கீழுமாக விலகினால் இந்த வேறுபாடு இயல்பாகவே வந்துவிடும். இரண்டையும் ஒரு நாள் முழுவதும் அருகருகே வைத்துப் பாருங்கள். வேறுபாடு மறைந்தால் கருவிகளில் பிழையில்லை, அறையின் இரு மூலைகளும் வெவ்வேறாக இருக்கின்றன. மறையாவிட்டால், காற்றுப் புகாத டப்பாவில் ஒரு கிண்ணம் சமையல் உப்பை நீர்விட்டுக் குழைத்து, உப்பு முழுவதும் கரையாமல் ஈரமான கூழாக இருக்கும்படி வைத்து, அதன் மேல் படாமல் கருவிகளையும் உள்ளே வைத்து, வெப்பநிலை மாறாத இடத்தில் ஓரிரு நாள் மூடிவிடுங்கள். டப்பாவுக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். எந்தக் கருவி அதிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ, அதைத் தேதியோடு கருவியின் மீதே ஒட்டிவையுங்கள்.